எத்தனை விமானம், எந்த விமானம்?

1987 ஜூன் 4-ம் தேதி பிற்பகல் பெங்களூரிலிருந்து ஐந்து ஏஎன்-32 விமானங்கள் கிளம்பின. முதல் நாள் ராமேஸ்வரத்திலிருந்து நிவாரணப் பொருட்களுடன் போன படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியிருந்தது. கடலில் மறித்தவர்கள் வானத்தில் மறித்துப் பார்க்கட்டும் என்று டெல்லி முடிவு செய்தது. மிராஜ்-2000 போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் 25 டன் நிவாரணப் பொருட்கள் பாராசூட்டில் இறங்கின. 'ஆபரேஷன் பூமாலை'யின் அரசியலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. அதில் ஒரு சின்ன வகுத்தல் கணக்கும் இருக்கிறது. அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

25 டன்னை ஐந்தால் வகுத்தால் விமானத்துக்கு 5 டன். ஏஎன்-32 அதிகபட்சமாகத் தூக்கக்கூடியது சுமார் 6.7 டன். அப்போதே விமானப்படையிடம் ஐஎல்-76 இருந்தது. 1985-ல் வந்தது, 40 டன்னுக்கு மேல் சுமக்கும். ஒரே விமானத்தில் முடித்திருக்கலாம். ஆனால் தாழப் பறந்து, சிறிய இடத்தில் குறி பார்த்துப் பொதிகளைப் போட வேண்டிய வேலை அது. அதற்குச் சின்ன விமானம்தான் தோது. தவிர, ஐந்தில் ஒன்று கோளாறால் திரும்பினாலும் மற்ற நான்கும் போய்ச் சேரும். ஒன்றே ஒன்று போய் அது திரும்பினால் காரியமே கெட்டது.

ஒன்றரை வருடம் கழித்து, 1988 நவம்பர் 3-ம் தேதி இரவு, மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயற்சி நடந்தபோது ஆக்ராவிலிருந்து பாராசூட் வீரர்களை ஏற்றிக்கொண்டு இரண்டு ஐஎல்-76 விமானங்கள் புறப்பட்டன. 2,000 கிலோமீட்டருக்கு மேல் எங்கும் இறங்காமல் பறந்து ஹுலுலே தீவில் இறங்கின. அன்றைக்கு ஐந்து ஏஎன்-32 இருந்தும் பிரயோஜனமில்லை. பத்து இருந்தாலும் பிரயோஜனமில்லை. அத்தனை தூரம் நிறைந்த பாரத்துடன் அவை போகாது.

சரக்கு விமானப் படையைத் திட்டமிடுவது என்பதன் சிக்கல் முழுவதும் இந்த இரண்டு பயணங்களிலும் அடங்கியிருக்கிறது. மொத்தம் எத்தனை டன் தூக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. அந்த டன்களை எத்தனை விமானங்களில், எந்த அளவு விமானங்களில் பிரித்து வைத்துக்கொள்வது என்பது வேறு கேள்வி. நம் நாட்டில் முதல் கேள்விக்கு அவ்வப்போது கமிட்டி போடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் விதி பதில் சொல்லிவிடுகிறது.

பெங்களூருக்கு இந்த விஷயத்தில் பழைய தொடர்பு உண்டு. 1940-ல் வால்சந்த் ஹிராசந்த் இங்கே தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலையை, 1943-ல் அமெரிக்க ராணுவம் தன் விமானங்களைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டது. பர்மா சாலை ஜப்பானியர் வசம் போய்விட்டதால், அஸ்ஸாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்கு வான்வழியாகவே எல்லாவற்றையும் அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. விமானிகள் அந்தப் பாதைக்கு 'ஹம்ப்' என்று, அதாவது திமில் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் போர்முனையின் விமானங்கள் நம் ஊர்த் தொழிலாளிகளின் கையில் ஓவர்ஹால் ஆயின. யுத்தம் முடிந்த பிறகு, விட்டுப்போன டக்கோட்டாக்களைச் சீர் செய்து விமானக் கம்பெனிகளுக்குக் கொடுத்ததும் இதே தொழிற்சாலைதான்.

1944 முதல் அந்தத் திமில் பாதையை நடத்தியவர் வில்லியம் டன்னர் என்ற அமெரிக்க ஜெனரல். 1948-ல் பெர்லினுக்கு ரஷ்யர்கள் தரைவழியை அடைத்தபோது அவரையே கூப்பிட்டார்கள். அவர் அங்கே செய்த முதல் காரியங்களில் ஒன்று டக்கோட்டாக்களை வெளியே அனுப்பியது. மூன்று டன் ஏற்றி வரும் டக்கோட்டாவிலிருந்து சரக்கை இறக்கவும், பத்து டன் ஏற்றி வரும் சி-54-லிருந்து இறக்கவும் ஏறத்தாழ ஒரே நேரம் பிடித்தது. வானத்தில் வேகம் வேறு, தரையில் இடம் குறைவு. ஆகவே ஒரே வகை, ஒரே வேகம், வரிசையாக. பெர்லினுக்கு அது சரியான விடை. சமவெளி, நல்ல ஓடுபாதைகள், போக வேண்டிய ஊர் ஒன்றே ஒன்று.

நமக்குப் போக வேண்டிய ஊர் ஒன்றல்ல. லே, தொய்ஸ், தௌலத் பேக் ஓல்டி, மெச்சுகா, டூட்டிங், வாலோங், விஜயநகர், போர்ட் பிளேர், கார் நிகோபார். ஒன்றின் ஓடுபாதை மற்றொன்றைப் போல இருக்காது. டன்னரின் விடையை அப்படியே காப்பியடித்தால் தேர்வில் ஃபெயில்தான்.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ராணுவக் காரியமே சரக்கு விமானத்தில்தான் நடந்தது. 1947 அக்டோபர் 27-ம் தேதி காலை டெல்லியிலிருந்து சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாளத்தை டக்கோட்டாக்கள் ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கின. விமானப்படையிடம் இருந்தது போதாமல், தனியார் கம்பெனிகளின் டக்கோட்டாக்களையும் அந்த நாட்களில் வாங்கிப் பயன்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ஏர் கமோடோர் மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு லேயில் ஆற்றோர மணலில் டக்கோட்டாவை இறக்கினார். அப்போது அந்த விமானத்தில் உயரத்தில் மூச்சுவிட வசதியெல்லாம் கிடையாது. 1962-ல் ஏஎன்-12 விமானங்கள் ஏஎம்எக்ஸ்-13 ரக டாங்கிகளைச் சுஷூலில் இறக்கின. 1971 டிசம்பர் 11-ம் தேதி டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கியபோது ஏஎன்-12, பாக்கெட், டக்கோட்டா என்று கையில் இருந்த எல்லாமும் போயின. திட்டமிட்ட கலவை என்று அதைச் சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்கு அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கிய பாத்திரங்கள் மாதிரி.

அமெரிக்கர்கள் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். விமானத்தின் வேகம், அது ஏற்றும் எடை, ஒரு நாளில் அது பறக்கும் மணி நேரம் மூன்றையும் பெருக்கு. திரும்பி வரும்போது காலியாகத்தான் வரும் என்பதால் பாதியாகக் குறை. 40 டன், மணிக்கு 700 கிலோமீட்டர், நாளைக்கு 10 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு விமானத்தின் ஒரு நாள் உழைப்பு 1,40,000 டன்-கிலோமீட்டர். தேவையை இதனால் வகுத்தால் விமான எண்ணிக்கை கிடைத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1981-ல் அவர்கள் இப்படிக் கணக்குப் போட்டு நாளைக்கு 66 மில்லியன் டன்-மைல் என்று ஓர் இலக்கு வைத்தபோது, அது தேவையின் அளவாக இருக்கவில்லை. ஆராய்ந்து பார்த்த யுத்தக் காட்சிகள் எல்லாமே அதைவிட அதிகம் கேட்டன. கட்டுப்படியாகக்கூடியது 66 என்று நிறுத்திக்கொண்டார்கள். அந்த இலக்கை எட்டப் பிறந்த சி-17 விமானத்தில் 210 வாங்குவதாகத் திட்டம். 1990-ல் பனிப்போர் முடிகிறது என்று 120 ஆக வெட்டினார்கள். கடைசியில் அமெரிக்க விமானப்படை வாங்கியது 223. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் கதையே இப்படி என்றால் நம்மைக் குறை சொல்லி என்ன பயன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்களிடம் ஓர் எண் இருந்தது, அதை வைத்துச் சண்டை போட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சூத்திரத்தை இமயமலைக்குக் கொண்டுபோனால் அது மூச்சு வாங்கும். லே விமான நிலையம் 10,600 அடிக்கு மேல். காற்று லேசு; வெயில் ஏற ஏற இன்னும் லேசு. பிற்பகலில் பள்ளத்தாக்கில் காற்று எழும்பிவிடும் என்பதால் பெரும்பாலான போக்குவரத்து காலையிலேயே முடிந்தாக வேண்டும். ஆக நாளைக்கு 10 மணி நேரம் என்ற எண் இங்கே செல்லாது. அந்தச் சில மணி நேரத்துக்குள் எத்தனை விமானம் இறங்கலாம், எத்தனை விமானத்தை நிறுத்தி வைக்க இடம் இருக்கிறது, சரக்கை இறக்கும் ஃபோர்க்லிஃப்ட் எத்தனை என்பவைதான் கணக்கை முடிவு செய்கின்றன. சண்டிகரில் இன்னும் 20 விமானம் நின்றாலும், லேயில் நிற்க இடமில்லையென்றால் அவை சண்டிகரிலேயே நிற்கும். சி-17 வாங்கிய பிறகு தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கொடுத்த ஓர் அறிக்கை இதைத்தான் சொன்னது. தாங்கும் பலம் உள்ள ஓடுபாதைகளும் ஏற்றி இறக்கும் சாதனங்களும் போதாததால் அந்த விமானத்தின் முழுத் திறனும் பயன்படவில்லை. யானையை வாங்கிவிட்டு வாசற்படியை இடிக்க மறந்த கதை.

கல்வானில் 2020 ஜூனில் கைகலப்பு நடந்த பிறகு கிழக்கு லடாக்குக்கு விமானப்படை கொண்டுபோனவற்றின் விவரம் மூன்று வருடம் கழித்து 2023-ல் வெளிவந்தது. 68,000-க்கும் மேற்பட்ட வீரர்கள், சுமார் 90 டாங்கிகள், சுமார் 330 பிஎம்பி கவச வண்டிகள், பீரங்கிகள், ரேடார்கள்; மொத்தம் 9,000 டன். இதையும் கொஞ்சம் வகுத்துப் பார்க்கலாம். ஒரு டாங்கி சராசரி 44 டன் என்றால் 90 டாங்கி ஏறத்தாழ 4,000 டன். ஒரு பிஎம்பி 14 டன் என்றால் 330 வண்டி 4,600 டன். டாங்கியும் பிஎம்பியும் மட்டுமே அந்த 9,000 டன்னைக் கிட்டத்தட்ட நிரப்பிவிடுகின்றன. இவற்றில் ஒன்றுகூட ஏஎன்-32-ல் ஏறாது. டாங்கி ஏறக்கூடிய விமானங்கள் நம்மிடம் இரண்டே வகை: 17 ஐஎல்-76, 11 சி-17. சி-17-ம் இந்த ரக டாங்கியை ஒரு தடவைக்கு ஒன்றுதான் கொண்டுபோகும். ஆக 90 டாங்கிக்கு 90 பயணம். விமானப்படையின் சரக்கு விமானங்களில் மிகப் பெரும்பான்மை சிறியவை. அந்த வாரங்களின் பாரமோ ஒரு சில பெரிய விமானங்களின் தோளில் விழுந்தது.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் சின்ன விமானங்களை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் பெரிதாக வாங்கு" என்று யாரேனும் சொன்னால் அவரை ஒரு குளிர்காலம் மெச்சுகாவுக்கு அனுப்ப வேண்டும். அருணாசலத்தின் அந்தப் பள்ளத்தாக்கில் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, விடுமுறை முடிந்து திரும்பும் சிப்பாய், பிரசவத்துக்குப் போகும் பெண் எல்லோருக்கும் வாகனம் வருடக்கணக்காக ஏஎன்-32. இந்த விமானம் ஏறக்குறைய நமக்காகவே செய்யப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. ஏஎன்-26 என்ற பழைய விமானத்துக்கு, வெப்பத்திலும் உயரத்திலும் திணறாத பெரிய எஞ்சின்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்துக் கொடுத்தார்கள் கீவ் நகரத்து ஆன்டனோவ் கம்பெனியார். 1984 முதல் வரத் தொடங்கி நூற்றுக்கும் மேல் வந்தன. 'சட்லெஜ்' என்று நதியின் பெயரை வைத்தார்கள்.

நாற்பது வருடம் பெரிய வயது. 2009-ல், 104 விமானங்களைப் புதுப்பிக்க உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டார்கள். 40 அங்கே போய் வரும், மீதி கான்பூரில் நடக்கும் என்று ஏற்பாடு. 2014-ல் கிரிமியா விவகாரம் வெடித்தது. உதிரி பாகங்கள் தடைப்பட்டன; புதுப்பிக்கப் போன விமானங்களில் ஐந்து அங்கே சிக்கிக்கொண்ட செய்தி 2015-ல் வந்தது. ஐஎல்-76 கதை இதற்கு அண்ணன். தாஷ்கண்டில் செய்தார்கள், சோவியத் யூனியன் உடைந்ததும் தாஷ்கண்ட் வேறு நாடு, எஞ்சின் வேறு நாடு. 1985 காலத்துக் கருவிகளோடுதான் இன்னும் பறக்கிறது என்று 2017-ல் தணிக்கை அறிக்கை எழுதியது.

கருவிகளைப் பற்றி எழுதும்போது சென்னைக்காரர்களுக்கு மறக்க முடியாத ஒரு காலை நினைவுக்கு வரும். 2016 ஜூலை 22. தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேருடன் கிளம்பிய ஏஎன்-32 வங்கக் கடல் மேல் மறைந்தது. வழக்கமாகப் போகும் 'கூரியர்' விமானம் அது; பஸ் மாதிரி. கடலுக்கு அடியிலிருந்து ஒலி எழுப்பி இருக்குமிடம் காட்டும் கருவி அதில் இல்லை. எத்தனையோ கப்பல்களும் விமானங்களும் தேடின. குடும்பத்தார் காத்திருந்தார்கள். ஏழரை வருடம் கழித்து 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் சிதறல்களைப் படம் பிடித்தது. அந்தப் பகுதியில் வேறு விமானம் விழுந்த சரித்திரம் இல்லை என்பதால் அதுதான் என்று முடிவு செய்தார்கள். இடையில் 2019 ஜூன் 3-ம் தேதி ஜோர்ஹாட்டிலிருந்து மெச்சுகா போன இன்னொரு ஏஎன்-32, 13 பேருடன் மலையில் மோதியது. அதைக் கண்டுபிடிக்க எட்டு நாளாயிற்று.

எண்ணிக்கையைத் திட்டமிடுகிறவர்கள் இதையெல்லாம் 'தேய்மானம்' என்ற கட்டத்தில் எழுதுவார்கள். ஆனால் மாற்று விமானம் பத்து வருடம் தள்ளிப்போனால், அந்தப் பத்து வருடமும் யாரோ ஒருவர் பழைய விமானத்தில் ஏறத்தான் வேண்டும். தாமதத்துக்கு டெல்லியில் போடும் கணக்கில் வட்டி மட்டும்தான் இருக்கும்.

தாமதத்துக்குப் பெங்களூரிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஏஎன்-32-க்கும் ஐஎல்-76-க்கும் நடுவே 15 முதல் 20 டன் வரை சுமக்கும் ஒரு விமானத்தை ரஷ்யாவும் இந்தியாவும் சேர்ந்து உருவாக்குவதாக 2007 நவம்பரில் அரசுகள் ஒப்பந்தம் செய்தன. 2010-ல் இதற்கென்றே பெங்களூரில் ஒரு கூட்டுக் கம்பெனி பதிவாயிற்று. ஹெச்.ஏ.எல். பாதி, ரஷ்யர்கள் பாதி. ஆளுக்கு 30 கோடி டாலர். மொத்தம் 205 விமானம்: ரஷ்யாவுக்கு 100, நமக்கு 45, ஏற்றுமதிக்கு 60. 2012-ல் பூர்வாங்க வடிவமைப்புக்குக் கையெழுத்து. ஏரோ இந்தியா கண்காட்சிகளில் இதன் மாதிரியை வைத்தார்கள். நாமும் பார்த்தோம், அழகாக இருந்தது. பிறகு எஞ்சினில் வந்தது வில்லங்கம். முழுவதும் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் எஞ்சின் வேண்டும் என்றது நம் விமானப்படை. ரஷ்யர்கள் தங்களிடம் உள்ள பிஎஸ்-90 எஞ்சினையே போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். 2016 வாக்கில் திட்டம் மூச்சை நிறுத்தியது. ரஷ்யர்கள் தனியாகச் செய்துகொள்கிறோம் என்று போனார்கள். ஐஎல்-276 என்று பெயர் மட்டும் வைத்தார்கள். ஒன்பது வருடம், ஒரு விமானமும் இல்லை. விமானப்படை கேட்ட எஞ்சின் நியாயமானதுதான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் 2007-ன் ஒப்பந்தம். வடிவமைப்பு மேஜை அல்ல.

சி-17 விஷயத்தில் நேர் எதிர்த் தவறு. 2011-ல் 410 கோடி டாலருக்குப் பத்து விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 2013-ல் ஹிண்டனுக்கு வரத் தொடங்கின. இன்னும் ஆறு வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. போயிங் கம்பெனி லாங் பீச் தொழிற்சாலையை மூடப்போவதாகத் தண்டோரா போட்டபோதும் நம் ஃபைல் மெதுவாகவே நகர்ந்தது. 2015-ல் தொழிற்சாலை மூடப்பட்டது. விற்காமல் நின்ற விமானங்களை மற்ற நாடுகள் ஓட்டிக்கொண்டு போன பிறகு மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அது 2019-ல் வந்தது. இந்தியாவுக்கு 11 சி-17 போதும் என்று எந்த நிபுணரும் சொல்லவில்லை. 11 என்பது கடை சாத்தும்போது ஷோகேஸில் இருந்த எண்ணிக்கை.

ஆவ்ரோவுக்கு மாற்று தேடிய கதையில் எண்ணிக்கை வேறு விதமாகப் பிறந்தது. கான்பூரில் 1961-லிருந்து ஹெச்.ஏ.எல். செய்துவந்த விமானம் ஆவ்ரோ. பின்பக்கம் திறக்கும் சாய்வுக் கதவு இல்லாததால் சரக்குக்கு அரைகுறை. இவற்றில் 56 விமானங்களுக்கு மாற்று வேண்டும் என்று 2012-ல் கொள்முதல் கவுன்சில் அனுமதித்தது. பழையது 56, ஆகவே புதியதும் 56. புதிய விமானம் இரு மடங்கு உபயோகமாக இருக்குமா, வேலையே மாறிவிட்டதா என்ற கேள்விக்கெல்லாம் அந்த எண்ணில் இடமில்லை. பொதுத்துறை வேண்டாம், தனியார் துறையில் ஒரு விமானத் தொழிற்சாலை உருவாகட்டும் என்று ஹெச்.ஏ.எல்.லை வெளியே நிறுத்தினார்கள். அதற்கு மந்திரி சபைக்குள்ளேயே எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் வந்து நின்றது ஏர்பஸ்-டாடா கூட்டு மட்டுமே. 2021 செப்டம்பரில் ரூ.21,935 கோடிக்குக் கையெழுத்து. 16 விமானங்கள் ஸ்பெயினின் செவில் நகரத்திலிருந்து பறந்து வர வேண்டும், 40 வதோதராவில் தயாராக வேண்டும். அந்த 16-ம் 2025 ஆகஸ்டில் முடிந்துவிட்டன. குறித்த காலத்துக்கு முன்பே முடிந்தது என்பதைச் சொல்லாவிட்டால் பாவம். பெங்களூர்க்காரர்களுக்கு வதோதரா மேல் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, அதில் தப்பில்லை.

இப்போது மேஜையில் இருப்பது நடுத்தர விமானம். 2022 டிசம்பரில் விமானப்படை தகவல் கேட்டு ஒரு கடிதம் வெளியிட்டது. 18 முதல் 30 டன் வரை சுமக்க வேண்டும். 40, 60, 80 என்று மூன்று எண்ணிக்கைக்கும் உத்தேச விலை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சி-130ஜே, பிரேசிலின் சி-390, ஐரோப்பாவின் ஏ400எம் மூன்றும் களத்தில் இறங்கின. லாக்ஹீட் டாடாவோடும், எம்ப்ரேயர் மஹிந்திராவோடும் கை கோத்துக்கொண்டன.

40-க்கும் 80-க்கும் நடுவே இருப்பது விலைப் பட்டியல் மட்டுமல்ல. சுமார் 100 ஏஎன்-32 சேர்ந்து ஒரு தடவைக்கு 670 டன் தூக்கும். 20 டன் சுமக்கும் 60 விமானங்கள் 1,200 டன் தூக்கும். காகிதத்தில் லாபம். ஆனால் நூறு விமானம் நூறு இடத்துக்குப் போகும், 60 விமானம் 60 இடத்துக்குத்தான் போகும். அதுவும் பட்டியலில் உள்ள 60-ம் பறக்காது. ஒரு பகுதி பராமரிப்பில் இருக்கும், சில பயிற்சியில் இருக்கும். ஒரு சமயத்தில் பத்துக்கு ஏழு தயாராக இருந்தால் நல்ல நிர்வாகம் என்று பெயர். ஆக 60 என்பது 42. அதில் பாதியைக் கிழக்குக்கும் பாதியை வடக்குக்கும் கொடுத்தால் தலைக்கு 21. அந்தமானுக்கு யார்?

என் கணக்கில் சின்ன வேலைகளுக்கு சி-295-ன் எண்ணிக்கையை 56-க்கு மேல் உயர்த்துவதுதான் புத்திசாலித்தனம். 5 முதல் 10 டன் சுமக்கும், பின்கதவு உண்டு, தொழிற்சாலை நம் மண்ணிலேயே நிற்கிறது. 40-வது விமானம் வெளியே வந்ததும் வதோதராவில் விளக்கை அணைத்துவிட்டால், லாங் பீச்சில் மற்றவர்கள் மூடியதை இங்கே நாமே மூடியதாகிவிடும். அதைச் செய்தால் நடுத்தர விமானம் ஏஎன்-32-க்குப் பதிலாக இருக்க வேண்டிய கட்டாயம் குறையும். ஐஎல்-76-ன் வேலையில் ஒரு பங்கை ஏற்கிற அளவுக்குப் பெரிதாக எடுக்கலாம்.

எவ்வளவு பெரிது என்பதற்கு ஆவடி ஒரு அளவுகோல் கொடுத்திருக்கிறது. அங்குள்ள ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனம் எல் அண்ட் டி-யோடு சேர்ந்து உருவாக்கிய 'ஜோராவர்' இலகு டாங்கி 2024 ஜூலையில் வெளியே வந்தது. லடாக்கை மனதில் வைத்துச் செய்தது. எடை 25 டன். சி-17-ல் ஒரே தடவையில் இரண்டு போகலாம். விமானத்தில் ஏற்றியும் பார்த்தாயிற்று. நடுத்தர விமானங்களிடம் வந்தால்: சி-130ஜே ஏறத்தாழ 20 டன் தூக்கும், ஜோராவர் ஏறாது. சி-390-ன் உச்சவரம்பு 26 டன். ஏறும், ஆனால் எரிபொருளில் சிக்கனம் பிடிக்க வேண்டும், தூரம் குறையும். ஏ400எம் 37 டன். தாராளமாக ஏறும், ஆனால் மூன்றில் விலை அதிகமானது அதுதான். சி-130ஜே-க்கு ஆதரவாகவும் சொல்ல வேண்டும்: 12 விமானங்கள் ஏற்கனவே இருக்கின்றன, விமானிகளுக்குப் பழக்கம், 2013 ஆகஸ்டில் 16,614 அடி உயரத்தில் தௌலத் பேக் ஓல்டியில் இறங்கிக் காட்டியது. 18 முதல் 30 வரை என்று விமானப்படை அகலமாகக் கேட்டதில் மூன்று கம்பெனிகளும் நுழைய முடிந்தது. ஆனால் தரைப்படையின் 25 டன் டாங்கி அந்த வரம்புக்கு நடுவில் நிற்கிறது. டாங்கியைத் தீர்மானித்தவர்களும் விமானத்தைத் தீர்மானிப்பவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வராது என்று நினைத்த வேலைகளும் வரும். 2021 ஏப்ரலில் ஊரெல்லாம் ஆக்ஸிஜனுக்குத் தவித்தபோது, சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் காலி ஆக்ஸிஜன் டாங்கர்களை சி-17 விமானங்கள் தூக்கி வந்தன. எந்த யுத்தத் திட்டத்திலும் அது எழுதப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோது நிவாரணத்தோடு கொழும்பில் போய் இறங்கியவை ஒரு சி-130ஜே-யும், நாற்பது வயது ஐஎல்-76-ம். இந்த முறை மிராஜ்கள் துணைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

எலஹங்கா விமானப்படைத் தளத்தின் வேலிப் பக்கம் காலையில் நின்றால் டார்னியர்களும் ஏஎன்-32-களும் இறங்குவதும் உடனே எழும்புவதுமாக இருக்கும். சரக்கு விமானிகளுக்கு இங்கேதான் பயிற்சி. ஓட்டுகிற பையன்களுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். அவர்கள் கையில் இருக்கும் ஏஎன்-32 அவர்கள் பிறப்பதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்தது. இன்று கையெழுத்தானால் முதல் நடுத்தர விமானம் வருவதற்குள் இவர்கள் ஸ்குவாட்ரன் லீடர்கள் ஆகியிருப்பார்கள்.